1.6 எம்எக்ஸ்-5 டர்போ: எந்த இசியூ பொருந்தும்?

மெல்பன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1990ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1597 சிசி, கம்ப்ரஷன் 9.4:1. எஞ்சினின் உட்பாகங்களைத் தொடாமல், சிறிய டர்போ ஒன்றைப் பொருத்தி 8 பிஎஸ்ஐ பூஸ்டில் (டர்போ காற்றில் ஏற்றும் கூடுதல் அழுத்தம்), ஏறத்தாழ 180 குதிரைத்திறனோடு அன்றாடம் ஓட்டவும் அவ்வப்போது டிராக்குக்குக் கொண்டுபோகவும் எண்ணியிருக்கிறேன். எஞ்சினை இயக்கும் கணினியான கம்பெனி இசியூவோடு, அதன் சிக்னல்களை மாற்றித் தரும் பிக்கிபேக் ஒன்றைச் சேர்த்தால் போதுமா, அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் தானே இயக்கும் ஸ்டாண்டலோன்தான் வேண்டுமா? மெகாஸ்க்விர்ட், ஸ்பீடுயினோ, லிங்க், ஹால்டெக் ஆகிய ஸ்டாண்டலோன்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். சாலிடரிங் வரும், டியூனிங் வராது. பிற்பாடு எத்தனால் மிகுந்த ஈ85 எரிபொருளுக்கு மாறும் ஆசையும் உண்டு.

பட்டறைக்காரன்:
பிக்கிபேக்கை விட்டுவிடுங்கள். உங்கள் காரில் காற்றை அளப்பது, உள்ளே வரும் காற்று தள்ளித் திறக்கும் ஒரு மடல்தான். பூஸ்ட் ஏறும்போது அது முழுவதும் திறந்து முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று போனாலும் இசியூ அறியாது, பெட்ரோலையும் கூட்டாது. அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரும் அதில் இல்லாததால், பூஸ்டுக்கேற்ப இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்கு இழுக்கவும் அதற்கு வழியில்லை. ஸ்டாண்டலோன் போட்டால் அந்த மடல் பெட்டியையே கழற்றிவிட்டு, மேப் சென்சரையும் காற்று வெப்பநிலை சென்சரையும் கொண்டு கணக்கிடலாம். 8 பிஎஸ்ஐ என்பது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 1.55 பாருக்கு அருகில் வரும் என்பதால் 2.5 அல்லது 3 பார் சென்சர் தேவை. வெப்பநிலை சென்சரை, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு, எஞ்சின் சூடு ஏறாத இடத்தில் பொருத்துங்கள்.

எந்தப் பிராண்ட் என்பதை நீங்கள் முடிவு செய்வதைவிட, உங்கள் டியூனர் முடிவு செய்வதே நல்லது. டியூனிங் வராது என்று நீங்களே எழுதியிருப்பதால், டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் மேடையில்) மணிக்கணக்கில் பணம் வாங்குபவர் நன்கறிந்த மென்பொருளே உங்களுக்குச் சிக்கனமானது. ஹால்டெக் ஆஸ்திரேலியாவினுடையது, லிங்க் நியூசிலாந்தினுடையது. மெல்பனில் இவற்றில் ஒன்றையாவது அறிந்தவர் எளிதில் கிடைப்பார்.

மின்கம்பி:
டியூனரை முதலில் கேட்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவானது என்பதற்காக மெகாஸ்க்விர்ட்டை ஒதுக்க வேண்டியதில்லை. 2001இல் பௌலிங், கிரிப்போ ஆகிய இருவர் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எம்எக்ஸ்-5 வைத்திருப்போர் ஏராளம். கம்பெனி சாக்கெட்டிலேயே செருகும் வடிவமும் உண்டு. ஸ்பீடுயினோவோ ஆர்டுயினோ மெகா என்ற பொதுப்பயன் மின்சுற்றுப் பலகையின் மேல் எழுந்தது; கற்றுக்கொள்ள அருமையானது, ஆயினும் ஒரே காரை வேலைக்கும் எடுத்துச் செல்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பெயர்களைவிட இன்புட்களையும் அவுட்புட்களையும் பாருங்கள். முதலாவது டிரிகர், அதாவது எஞ்சின் சுழற்சியின் நிலையை இசியூவுக்குச் சொல்லும் சிக்னல். கம்பெனி சென்சர் கேம்ஷாஃப்ட்டால் சுழல்வதால் டைமிங் பெல்ட்டின் நெகிழ்ச்சியும் அளவில் சேர்ந்து, டைமிங் லைட்டின் கீழ் குறி முன்னும் பின்னும் துடிப்பதைக் காணலாம். கிராங்க் புல்லியில் 36 பல்லுக்கான வட்டில் ஒரு பல் விடுபட்ட சக்கரத்தையும், பற்களைக் காந்தப்புலத்தால் உணரும் ஹால் சென்சரையும் வைத்தால் அந்தத் துடிப்பு அடங்கும். நீங்கள் வாங்கும் இசியூ அந்த அமைப்பைப் படிக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்தது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல், 80 சதவீத டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) என்று வைத்தால், 180 குதிரைத்திறனுக்கு ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 355 சிசி தர வேண்டும். ஈ85 அதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கேட்கும். ஆகவே 550 சிசி, அதுவும் 12 ஓம் அல்லது அதற்கு மேல் உள்ள ஹை இம்பிடன்ஸ் வகையை, டெட் டைம் (மின்சாரம் கிடைத்தும் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும் நேரம்) அட்டவணையோடு தருபவரிடம் வாங்குங்கள். அந்த அட்டவணை இல்லாமல் மலிவாக வருபவற்றை வைத்து ஐடிலைச் சீராக்குவது பெரும் தொல்லை. எத்தனால் சென்சர், எரிபொருளிலுள்ள எத்தனாலின் விழுக்காட்டை 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்ணாக அனுப்புவதால், அதற்கென ஒரு டிஜிட்டல் இன்புட்டை இப்போதே ஒதுக்கிவையுங்கள்.

மெல்பன்வாசி:
இருவருக்கும் நன்றி. நாக் (எஞ்சினுக்குள் கலவை முறைதவறி வெடிப்பது) கண்டறியும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா?

பட்டறைக்காரன்:
தகும், ஆனால் ஆபத்தில் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்பு வசதிகளுக்கு அடுத்தபடியாகத்தான். பூஸ்ட் வரம்பு மீறினாலும், பூஸ்டில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தின் அளவு; ஏறினால் பெட்ரோல் குறைவு) 0.85ஐத் தாண்டி ஏறினாலும், ஆயில் அழுத்தம் விழுந்தாலும் எஞ்சினைத் தானே நிறுத்தும் இசியூவை வாங்குங்கள். லாம்டாவை அளக்கும் வைட்பேண்ட் சென்சர் இசியூவோடு இணைந்திருந்தால்தான் இரண்டாவது நடக்கும். நாக் கண்டறிவதைப் பொறுத்தவரை, 78 மிமீ போர் (சிலிண்டரின் விட்டம்) கொண்ட இந்த எஞ்சினில் நாக் ஏறத்தாழ 7 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். கம்பெனி சென்சர் இல்லாததால் ப்ளாக்கில் ஒன்றைத் திருகி, டைனோவில் ஹெட்ஃபோனோடு கேட்டு வரம்பை அமைக்க வேண்டும். இன்னொன்று: விக்டோரியாவில் டர்போ சேர்ப்பதற்கு வாஸ் (வாகன மாற்றங்களை மதிப்பிட்டு ஒப்பமிடும் திட்டம்) சான்றிதழ் தேவைப்படும் என்பதால், பொருள் வாங்குவதற்கு முன்பே அதைத் தரும் பொறியாளரிடம் பேசிவிடுங்கள்.