கொலோக்கியம்: ‘அவையுரை’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கொலோக்கியம் (colloquium), அதாவது ஒரு துறை முழுவதும் உட்கார்ந்து கேட்கும் பேச்சு, இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டேன். ஈரோட்டு நண்பர் ‘கூட்டுரை’ என்கிறார், பொள்ளாச்சி ஆசிரியர் ஐயா ‘உசாவரங்கு’ என்கிறார், பேசாமல் கொலோக்கியம் என்றே எழுதிவிடலாம் என்று அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். என் பரிந்துரை ‘அவையுரை’.

முதலில் ‘கருத்தரங்கம்’ ஏன் ஒத்துவராது என்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கல்லூரிகளில் அந்தச் சொல் ஏற்கெனவே இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. தேசியக் கருத்தரங்கம் என்றால் இரண்டு நாள், தொடக்க விழா, மதிய உணவு, கடைசியில் சான்றிதழ். எம்எஸ்சி மாணவர் ‘எனக்கு நாளைக்கு செமினார்’ என்றால் அது வகுப்பில் இருபது நிமிடம் பேசி அகமதிப்பீட்டு மதிப்பெண் வாங்குவது. இந்த இரண்டோடு வாரந்தோறும் நடக்கும் துறைப் பேச்சையும், மாலையில் ஊர் மக்களுக்காக நடக்கும் பேச்சையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், பலகை முன்னால் நிற்கும் இளங்கலை மாணவி ‘இது எங்களுக்குங்களா, பிஎச்டி பண்றவங்களுக்குங்களா?’ என்று கேட்கத்தான் செய்வார். கேட்பவராவது பரவாயில்லை, கேட்காமலே நமக்கில்லை என்று போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

ஈரோட்டு நண்பர் லத்தீன் வேரைப் பிடித்து, கூடிப் பேசுதல் என்ற பொருளிலிருந்து கூட்டுரைக்கு வந்தார். வேர் சரிதான். ஆனால் செமினார் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குப் பொருள் நாற்றங்கால், விதைத்து நாற்று வளர்க்கும் இடம். அதைக் கொண்டு யாரும் இன்று செமினாரைப் புரிந்துகொள்வதில்லை. வேரைவிட, அந்தப் பேச்சு யாருக்காக நடக்கிறது என்பதைப் பார்த்துச் சொல் அமைப்பதுதான் பயன்படும், ஏனென்றால் பேசுகிறவர் தயாரித்துக்கொண்டு வருவதும் கேட்கிறவர் வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அதை வைத்துத்தான்.

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம், நமக்குப் பக்கத்து மலை. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கியது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதைப் பற்றி ஒரே ஆள் மூன்று இடத்தில் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வானியல் ஆய்வுக் குழுவில் பேசினால், குவியக் கோட்டில் வரிசையாக இருக்கும் 1056 டைபோல்களின் (அலைகளை வாங்கும் சிறு ஏரியல்கள்) சமிக்ஞைகளைக் கட்டம் (phase) பிசகாமல் எப்படிச் சேர்ப்பது என்று நேராக உள்ளே போய்விடலாம். துறை முழுவதும் உட்கார்ந்திருந்தால், படிக ஆய்வு செய்கிறவரும் மெல்லிய படல ஆய்வு செய்கிறவரும் இருப்பார்கள், அவர்களுக்கு அந்த மலைச்சரிவை ஏன் தேடிப்பிடித்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்: வடக்கு தெற்காக ஓடும் சரிவு, அதன் சாய்வு ஏறக்குறைய 11 பாகை, அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே, ஆகையால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். இதைக் கேட்டால் எந்தப் பிரிவில் இருக்கும் இயற்பியல்காரரும் நிமிர்ந்து உட்காருவார். ஊர் மக்களுக்கு என்றால் இன்னும் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். பகலிலும் ஊட்டி மூடுபனியிலும் அது எப்படி வேலை செய்கிறது, ரேடியோ அலைக்கு மூடுபனி ஏன் தடையில்லை என்று.

விஷயம் ஒன்று, அவை மூன்று. அதனால் குழுவுரை, அவையுரை, பொதுவுரை என்று மூன்றாகப் பிரித்துவிடலாம் என்பது என் கருத்து. ‘அவை’ யாருக்கும் விளக்க வேண்டிய சொல் இல்லை. பள்ளியில் படித்த எல்லோருக்கும் அவையடக்கம் தெரியும், குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரமே இருக்கிறது. கொலோக்கியத்தில் பேசுகிறவருக்கு வேண்டியதும் இந்த இரண்டும்தான். தன் துறைநுட்பம் தெரியாத அறிஞர்கள் முன்னால் பேச வேண்டும், அவர்கள் கேட்கும் எளிய கேள்விக்கு அசராமல் பதில் சொல்லவும் வேண்டும். அந்த எளிய கேள்விகள் பல நேரம் பெரிய சிக்கலைத் தொடும்.

சட்டமன்றப் பேச்சு என்று குழப்பம் வராதா என்று ஒருவர் கேட்கக்கூடும். ‘இயற்பியல் அவையுரை’ என்று துறைப்பெயரை முன்னால் போட்டால் வராது. உசாவரங்கு அழகான சொல், இலங்கைத் தமிழில் உசாத்துணை (reference) நன்றாகவே வழங்குகிறது, ஆனால் நம் மாணவர்களுக்கு உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல் என்பதையே முதலில் சொல்லித்தர வேண்டியிருக்கும். சுவரொட்டியில் போடும் சொல் பார்த்ததும் புரிய வேண்டும் ஐயா.

அப்படிப் புரிந்த சொல் நிலைக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. கோவை ஏறக்குறைய 11 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் 3-ஆம் வாரத்திலும் ஆகஸ்ட் 4-ஆம் வாரத்திலும் ஒவ்வொரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த குச்சிக்கு நிழல் விழாது. அதை ‘நிழலில்லா நாள்’ என்றார்கள், பிள்ளைகள் முற்றத்தில் குச்சி நட்டுப் பார்த்தார்கள், சொல் ஒட்டிக்கொண்டது. 2019 டிசம்பர் 26 காலையில் கோவையிலும் ஈரோட்டிலும் கங்கணச் சூரிய கிரகணம் தெரிந்தபோது ‘வளைய கிரகணம்’ என்றால் சிறு பிள்ளைக்கும் புரிந்தது, கண்ணால் பார்த்ததே வளையம்தானே.

இன்னொன்று, ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளுக்கு ‘ஆய்வகத் திறப்பு நாள்’ வேண்டாம். திறப்பு என்றாலே ரிப்பன் வெட்டும் விழா என்றுதான் நினைப்பார்கள். ‘ஆய்வகம் காணும் நாள்’ என்று போடுங்கள். தை மூன்றாம் நாளை நம் ஊர்களில் பூப்பறிக்கிற நோம்பி என்றாலும் காணும் பொங்கல் என்றால் எல்லோருக்கும் தெரியும், வெளியே கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் நாள் என்ற பொருள் தானாக வந்துவிடும்.

ஒலிபெயர்ப்பே போதும் என்ற அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கோவையிலிருந்து கலைக்கதிர் இதழ் அறிவியலைத் தமிழில் மாதாமாதம் கொண்டுவந்தது. அவர்கள் இதைவிடக் கடினமான சொற்களுக்கெல்லாம் உட்கார்ந்து யோசித்த மண்ணில், ஒரு பேச்சுக்குப் பெயர் வைக்க நாம் சோம்பக் கூடாது.

குழுவுரையில் மட்டும் எனக்கு இன்னும் நிறைவு இல்லை. ஒரு குழுவே சேர்ந்து பேசுவது போலவும் அது ஒலிக்கிறது. ‘ஆய்வுக்குழு உரை’ என்று நீட்டினால் குழப்பம் போகும், ஆனால் அறிவிப்பில் நீளும். இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், அடுத்த பருவத்துக்கான அறிவிப்புகள் அச்சுக்குப் போவதற்குள் மூன்றையும் சேர்த்து முடிவு செய்துவிடலாம்.