உடையார்குடிக் கல்வெட்டில் நந்தினியைத் தேடியவர்கள்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்துவிட்டுக் காட்டுமன்னார்கோயில் பக்கம் போய்வந்தவர்கள் எழுதுவதைப் பார்த்து நானும் எழுதுகிறேன்.

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைச் சொல்லும் கல்வெட்டு அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. நாங்கள் போனபோது கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எழுத்துகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கேட்டாள்: “நந்தினி பேர் எந்த வரியில சார் இருக்கு?” எந்த வரியிலும் இல்லைம்மா, அவள் கல்கி படைத்தவள் என்றேன். முகம் வாடிவிட்டது. “அப்போ ரவிதாசன்?” அவன் இருக்கிறான் என்றதும் எல்லோரும் நெருங்கி வந்துவிட்டார்கள்.

சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று, கொலை செய்த உடன்பிறந்தவர்களின் பெயர்கள் அதில் உண்டு. ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’, பரமேசுவரனுக்கு ‘இருமுடிச்சோழ பிரமாதிராசன்’ என்று பட்டங்கள். அதாவது அரசாங்கத்தில் உயர்பதவி வகித்தவர்கள். துரோகிகளான இவர்களுடைய சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது ஆணை. ஏன் கொன்றார்கள் என்பது பற்றி ஒரு சொல் கிடையாது.

அந்த மௌனத்தில்தான் நந்தினி பிறக்கிறாள். என்னைக் கேட்டால் சரித்திர நாவலாசிரியனுக்கு முழு உரிமை உள்ள இடம் அதுதான். ஆனால் பட்டம் பெற்ற அதிகாரி ரவிதாசன், நாவலில் மந்திரவாதி வேடத்தில் திரியும் பாண்டிய ஆபத்துதவியாக, அதாவது பாண்டிய மன்னனின் மெய்க்காவலனாக, ஆகிவிட்டான். இந்த மாற்றம் எனக்கு உறுத்துகிறது. கல்லில் இருப்பவனைப் பிள்ளைகள் இனிக் கல்கியின் கண்ணால்தான் பார்ப்பார்கள். அந்த அரசு அதிகாரியை அப்படியே விட்டிருந்தால் கதை இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும். அரண்மனைக்குள்ளேயே துரோகம் என்றாகியிருக்கும்.

*

ஐயா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு இதற்கு நேர்மாறான அனுபவம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் தமக்கை குந்தவையைச் சொல்லும்போது, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று வருகிறது. எங்கள் வழிகாட்டி அதைப் படித்துக் காட்டியபோது எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. நாவலின் நாயகன் வந்தியத்தேவனை முழுக்கக் கற்பனை என்றே நினைத்திருந்தேன். கணவன் என்ற அளவில் நின்றுபோன ஒரு பெயரைக் குதிரையில் ஏற்றி, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் கொண்டுவந்து விட்டாரே! நீங்கள் சொன்ன உரிமையை இங்கே எவ்வளவு அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

உடையார்குடி போகிறவர்கள் அருகிலுள்ள மேலக்கடம்பூருக்கும் போய்வாருங்கள். நாவலில் வரும் சம்புவரையர் மாளிகையைத் தேடாதீர்கள். அங்கே இருப்பது முதலாம் குலோத்துங்கன் காலத்து, தேர் வடிவக் கற்கோயில். அதற்கென்றே ஒரு பொழுதை ஒதுக்கலாம்.