போர்க்கால ஆய்வகம், நடுங்கும் கேமரா: பார்த்துப் பயந்த கதைகளை இங்கே கொட்டுங்கள்

போர்க்காலம், ரகசிய ஆய்வகம், கிறுக்குப் பிடித்த ஒரு டாக்டர், மனித உடம்பையும் இரும்பையும் சேர்த்துத் தைத்த உருவங்கள், இதையெல்லாம் அங்கே மாட்டிக்கொண்ட ஒருவன் கேமராவில் பிடித்து, அந்தச் சுருள் பிறகு நம் கையில் கிடைத்தது போல ஒரு பாவனை. இந்த ரகப் படம் எதையாவது பார்த்துவிட்டு விளக்கை அணைக்காமல் படுத்தவர்கள் இங்கே எழுதுங்கள். படம் வழியாக இதன் நிஜப் பக்கத்தில் போய் இடறி விழுந்தவர்களும் எழுதலாம். முடிவு வரைக்கும் எல்லாம் பேசப்படும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

நானே ஆரம்பிக்கிறேன். அப்போது திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். அறை நண்பன் நைட் ஷிஃப்ட் போயிருந்தான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்ஸ் ஆர்மி’ போட்டேன். 2013இல் வந்த படம், இயக்கியவர் ரிச்சர்ட் ராஃபோர்ஸ்ட் என்ற டச்சுக்காரர். இரண்டாம் உலகப் போர் முடியப்போகும் நேரம், ஜெர்மனிக்குள் நுழைகிற ஒரு சோவியத் வேவுப் படை, கூடவே பிரசாரப் படம் எடுக்க வந்த திமித்ரி என்கிற பையன். நாம் பார்ப்பது முழுக்க அவன் கேமரா வழியாகத்தான். ஆபத்தில் இருக்கிறோம் என்று ரேடியோவில் ஒரு செய்தி வருகிறது, அதைத் தேடிப் போய் ஆளில்லாத ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் நுழைகிறார்கள். அங்கே கிடக்கிற ஒரு இயந்திரத்துக்குத் தெரியாத்தனமாக உயிர் வருகிறது. படைத் தலைவரின் குடல் வெளியே வந்துவிடுகிறது. அதற்கப்புறம் சுரங்கம், துரு, ரத்தம், தலைக்குப் பதில் விமானத்தின் முன்பக்கக் காத்தாடி வைத்த ஒரு பிறவி. அந்தக் காத்தாடி சுற்றும் சத்தம் காதில் ஏறுகிற அதே நேரத்தில் எங்கள் மேன்ஷன் ஃபேனும் டக் டக் என்று ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு, சித்திரை மாதத்து வெக்கையில் வியர்த்துக்கொண்டே மீதிப் படத்தைப் பார்த்தேன்.

உருவங்களுக்கு அரை மணி நேரத்தில் கண் பழகிவிடுகிறது. பழகாமல் போனது திமித்ரி விஷயம். பாதியில் தெரியவருகிறது, அவன் வந்தது படம் எடுக்க அல்ல, இந்த உருவங்களைச் செய்கிற டாக்டரைப் பிடித்துவர அவனுக்கு மேலிடத்து ரகசிய உத்தரவு இருக்கிறது. நாஜிகள் செய்ததை உலகுக்குக் காட்டத்தான் அவன் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று நாம் நம்பியிருப்போம். மேலிடத்துக்கு டாக்டர் வேண்டும், டாக்டருக்குத் தெரிந்தது வேண்டும். கடைசியில் டாக்டர் அதே கேமராவை வைத்துத் தன் வேலையைப் பதிவு செய்யச் சொல்கிறார், இவனும் எடுக்கிறான். எனக்கு அங்கேதான் வயிறு கலங்கியது. இந்த மாதிரிப் படத்தில் யார் சாகிறார்கள் என்பதைவிட, இதை யாருக்காக எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. சரி, உங்களுடையதைச் சொல்லுங்கள்.

——

அண்ணே, சினிமாவில் கேமரா டிபார்ட்மென்டில் இருக்கிறேன், அதனால் என் பயம் கொஞ்சம் வேறு மாதிரி. அந்தப் படத்தை நான் பாதி நேரம் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். போர்முனையில் பல கேமராமேன்கள் நம்பியது ஐமோ என்கிற அமெரிக்கக் கைக் கேமரா. சோவியத்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களே ஒன்று செய்துகொண்டார்கள். எங்களுக்கு வாடகைக்குச் சாமான் தருகிற ஒரு பழைய இடத்தில் அலமாரி மேல் ஒரு ஐமோ கிடந்தது, கேட்டு எடுத்துப் பார்த்தேன். கையில் எடுத்தால் செங்கல் கனம். மோட்டார் கிடையாது, பக்கவாட்டில் சாவி, சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுப்பது போல முறுக்கிவிட வேண்டும். விட்டால் கர்ரென்று ஓடும், அரை நிமிஷம்கூடத் தாங்காது, மறுபடி முறுக்கு. உள்ளே போடுவது 100 அடி ரோல், அது மொத்தமே ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அப்புறம் நிழலான இடம் பார்த்து ரோல் மாற்ற வேண்டும். ஒலி சுத்தமாகக் கிடையாது.

ஆக, திமித்ரி ஓடிக்கொண்டே, குரலும் காலடிச் சத்தமும் துல்லியமாகக் கேட்க, கலரில், வெட்டே இல்லாமல் நிமிஷக்கணக்கில் எடுக்கிறானே, 1945இல் அப்படி ஒரு சாதனம் மனிதனிடம் இல்லை. அதிலும் ரஷ்யச் சிப்பாய்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள், அதை விட்டுவிடலாம். கலர் விஷயத்தில் மட்டும் படத்துக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. 1945 ஜூன் 24 அன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் நடந்த வெற்றி அணிவகுப்பைச் சோவியத்காரர்கள் கலரிலேயே எடுத்தார்கள், அதுவும் ஜெர்மனியில் கைப்பற்றிய ஆக்ஃபா பிலிமில். தோற்றவனின் பிலிமில் ஜெயித்தவனின் ஊர்வலம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு நிமிஷ ரோலை வைத்துக்கொண்டு கண்டதையும் எடுக்க முடியாது. போர்முனைக் கேமராமேன் எடுத்த ஒவ்வொரு அடி பிலிமும் யோசித்து, யாரோ கேட்டு, யாரோ பார்த்துக் கத்தரித்த பிலிம். தற்செயலாகக் கண்டெடுத்த சுருள் என்று ஒன்று அந்தக் காலத்தில் கிடைத்தால், அதை முதலில் சந்தேகப்பட வேண்டும்.

——

தலை சுற்றுகிறவர்கள் ஹெட்போன் போடாமல் பாருங்கள் மக்களே. நான் இருபதாவது நிமிஷத்தில் வாந்தி எடுத்தேன், பயத்தில் இல்லை, கேமரா ஆட்டத்தில். மீதியை இன்னும் பார்க்கவில்லை. பார்க்கும் எண்ணமும் இல்லை.

——

நான் மேக்கப் ஆள். பிராஸ்தெடிக் வேலை, அதாவது செயற்கைத் தோல், முகம் செய்து ஒட்டுவது. இந்தப் படத்தை எங்கள் ஆட்கள் கதைக்காகப் பார்ப்பதில்லை, உருவங்களுக்காக நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கையால் செய்து மனுஷனுக்கு மாட்டிவிட்டது. கம்ப்யூட்டரில் வரைந்ததாக இருந்தால் அந்தச் சுரங்கத்தில் திரும்பும்போது சுவரில் இடிக்காது. இவை இடிக்கின்றன, தடுமாறுகின்றன, உள்ளே இருப்பவருக்குச் சரியாகப் பார்வை தெரியவில்லை என்பது நடையிலேயே தெரிகிறது. நீளக் கால்களும் மூஞ்சியில் துளைப்பானுமாக ஒன்று வருமே, கொசு மாதிரி, அது ஒரு அடி எடுத்து வைக்கும் முன் யோசிக்கிறது பாருங்கள். அந்தத் தயக்கம்தான் கூசவைக்கிறது. செத்தவனைத் தைத்து நடக்கவிட்டால் அவன் அப்படித்தான் நடப்பான் என்று தோன்றிவிடும்.

நம் ஊரில் ஒரு பேய்ப் படத்துக்கு மே மாதத்தில், ஏசி இல்லாத செட்டில், ஒரு தம்பிக்கு முழு உடம்புக்கும் லேடெக்ஸ் போட்டோம். சாயங்காலம் கையுறையைக் கழற்றினால் விரல் நுனியிலிருந்து தண்ணீர் ஊற்றியது, எல்லாம் அவன் வியர்வை. முகத்தை ஸ்பிரிட் கம் என்கிற பசை போட்டு ஒட்டியிருந்ததால் மத்தியானம் ஸ்ட்ரா வைத்து மோர் மட்டும்தான் கொடுத்தோம். ஷாட்டில் அவன் தள்ளாடியதைப் பார்த்து டைரக்டர் பிரமாதமான நடிப்பு என்றார். நடிப்பா அது! ராஃபோர்ஸ்ட் படத்தில் உலோக மூடிக்குள் நின்றவர்களை நினைத்தால் எனக்குத் திமித்ரிமேல் பரிதாபம் வருவதில்லை.

——

ஜொகூர் பாருவிலிருந்து எழுதுகிறேன். என் அனுபவம் படத்தில் ஆரம்பித்து வேறெங்கோ போனது. அண்ணன் மகன் இந்தப் படத்தைப் போட்டுவிட்டு, “அத்தை, இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா” என்று கேட்டான். நாஜி டாக்டர்கள் முகாம்களில் செய்தது தெரியும், அதைச் சொன்னேன். அப்புறம் ஜப்பான்காரர்கள் பக்கம் என்ன என்று தேடப்போய், அவர்கள் ராணுவத்தின் கிருமிப் போர்ப் படையான 731 பிரிவில் வந்து நின்றேன். இடம் சீனாவில் ஹார்பின் பக்கத்தில் பிங்ஃபாங், தலைவர் இஷீ ஷிரோ. உயிரோடு இருந்தவர்களுக்கு நோய்க் கிருமியை ஏற்றி, மயக்கமருந்து இல்லாமல் அறுத்துப் பார்த்தார்கள், மஞ்சூரியக் குளிரில் கைகளை உறையவைத்துச் சோதித்தார்கள். குறைந்தது 3,000 பேர் அந்த வளாகத்திலேயே செத்தார்கள் என்கிறார்கள். 1940இல் சீனாவின் நிங்போ நகரத்தின்மேல் பிளேக் தெள்ளுப்பூச்சிகளைத் தானியத்தோடு கலந்து விமானத்திலிருந்து கொட்டினார்கள்.

அதோடு மூடிவைத்திருப்பேன். ஆனால் இந்தப் படையின் ஒரு கிளை சிங்கப்பூரிலேயே இருந்திருக்கிறது. ஓகா 9420 என்று பெயர், ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில். எலிகளிலிருந்து தெள்ளுப்பூச்சி எடுக்கும் வேலைக்கு உள்ளூர்ப் பையன்களை வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் சிங்கப்பூர் அமைச்சராக இருந்த உத்மான் வோக் அப்படி அங்கே வேலை பார்த்தவர், என்ன வேலை செய்தோம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பூச்சி வளர்க்க இங்கே எங்கள் தம்போயில் மனநல மருத்துவமனை வளாகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நான் பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் தெரிகிற இடம். அது இன்றைக்கும் மருத்துவமனைதான், வாசலில் நாசி லெமாக் விற்கிறார்கள்.

படத்தில் வருகிற மாதிரி இரும்புக் கை, காத்தாடித் தலை எதுவும் அங்கே இல்லை. எலிக் கூண்டு, சோதனைக் குழாய், வெள்ளைக் கோட்டு, சம்பளத்துக்கு வந்த பையன்கள். நிஜத்துக்கு அசுரர்கள் தேவைப்படவில்லை. அதனால்தான் எனக்கு இந்தப் படங்கள்மேல் ஒரு கோபமும் உண்டு. செத்தவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாதபோது, அதே விஷயத்தை எடுத்துத் துருப்பிடித்த பொம்மை ஆட்டம் காட்டுவது சரியா?

——

அக்கா, உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அந்தப் படத்துக்கு நான் கொஞ்சம் வக்காலத்து வாங்குகிறேன். இஷீக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 1945 ஆகஸ்டில் பிங்ஃபாங்கை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு ஓடினார்கள், கொதிகலன் கூடத்தின் புகைபோக்கிகள் மட்டும் இன்றும் நிற்கின்றன. அப்புறம் ஆய்வுக் குறிப்புகளைக் கொடுத்தால் வழக்கு இல்லை என்று அமெரிக்கர்கள் பேரம் பேசி முடித்தார்கள். இஷீ 1959இல் சாவகாசமாக நோயில் செத்தார். சோவியத்காரர்கள் 1949 டிசம்பரில் கபரோவ்ஸ்கில் 12 பேரை நிறுத்தி விசாரித்தார்கள், மேற்கில் அதைப் பிரசாரம் என்று ஒதுக்கினார்கள். ஜெர்மன் ராக்கெட் நிபுணர்களை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஜெயித்தவன் டாக்டரைத் தூக்கிலிட வரவில்லை, வேலைக்கு எடுக்க வந்தான் என்பதை அந்தத் துருப்பிடித்த பொம்மை ஆட்டம் மையமாகவே வைத்திருக்கிறது. கடைசி ஷாட் ஞாபகம் இருக்கிறதா? கேமராவோடு தப்பிய பொடியன் பதவி உயர்ந்து ஸ்டாலின் பக்கத்தில் போட்டோவுக்கு நிற்கிறான். கட்டிவைத்திருந்த திமித்ரியை விட்டுவிட்டுச் சுருளோடு ஓடியவன் அவன்.

——

வயசானவன் ஒரு சுருளைச் சொல்கிறேன், இது பாவனை இல்லை. 1940இல் சோவியத்காரர்கள் எடுத்த ஒரு விஞ்ஞானப் படம், இறந்த உயிர்களை மீட்கும் சோதனைகள் பற்றியது, கறுப்பு வெள்ளை. பேரன் அதை இணையத்தில் காட்டி, தாத்தா இது டுபாக்கூர் தானே என்றான். உடலிலிருந்து பிரித்த நாயின் தலை ஒரு தட்டில். புருகோனென்கோ என்பவர் உருவாக்கிய இயந்திரம் அதற்குள் ரத்தத்தைச் செலுத்துகிறது. பக்கத்தில் சுத்தியலால் தட்டுகிறார்கள், காது விடைக்கிறது. கண்ணருகில் தொட்டால் இமைக்கிறது. உதட்டில் ஏதோ புளிப்பைத் தடவுகிறார்கள், நாக்கை நீட்டி நக்குகிறது. ரத்தம் முழுக்க இறக்கிச் சாகவிட்ட இன்னொரு நாயை இயந்திரத்தில் போட்டு எழுப்புகிறார்கள்.

கேமராவுக்காகச் சில காட்சிகளைத் தனியாக அமைத்து எடுத்தார்கள் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. ஆனால் இயந்திரம் நிஜம், இதய அறுவை சிகிச்சையில் இன்று வைக்கிற இதய நுரையீரல் இயந்திரத்துக்கு அது ஒரு முன்னோடி. படத்தின் ஆரம்பத்தில் வந்து அறிமுகம் பேசுகிறவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹால்டேன். அதே மனிதர்தான் 1957இல் கல்கத்தா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார். வேட்டி ஜிப்பாவில் இருக்கும் அவர் புகைப்படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், அவரை அந்தத் தட்டுக்கு முன்னோட்டமாகப் பார்த்தபோது பேரனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. யாருக்காக எடுத்தது என்று தம்பி கேட்டார் அல்லவா? எங்கள் நாட்டு விஞ்ஞானம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பார் என்று காட்ட எடுத்தது. அதில் ஒளிவுமறைவே இல்லை. எல்லாரும் சுத்தமான கோட்டு போட்டிருக்கிறார்கள்.

——

போர்க் கதை இல்லை, ஆனால் இந்தப் பேச்சுக்குப் பொருந்தும். ‘வி/எச்/எஸ்/94’ என்கிற திகில் படத் தொகுப்பில் இந்தோனேசிய இயக்குநர் டிமோ சஹ்யாந்தோவின் பகுதியைப் பாருங்கள். ஒரு கிறுக்கு விஞ்ஞானி ஆட்களைக் கடத்தி இயந்திரத்தோடு ஒட்டுகிறான். ஒரு பெண்ணுக்குக் கண் இருக்கும் இடத்தில் கேமரா. அவள் விழித்ததிலிருந்து நாம் பார்ப்பது பெரும்பாலும் அவள் கண் வழியாக. தன்னை என்ன செய்திருக்கிறார்கள் என்று அவள் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போது நமக்கும் அப்போதுதான் தெரிகிறது. டாக்டரின் கேமரா டாக்டரையே திரும்பிப் பார்க்கிற படம். அப்புறம் ஒரே சுடுதல், வெட்டு, குத்து, என் மனைவி பாதியில் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

——

ஆரம்பித்தவனே திரும்ப வந்திருக்கிறேன். தனிமடலில் மூன்று நாலு பேர் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தம் தாங்குமென்றால் ராஃபோர்ஸ்ட் படம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முதல் கால் மணி நேரம் சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பாத்திரங்கள் எல்லாம் அட்டை மாதிரிதான். டாக்டராக வரும் காரெல் ரோடன் வந்த பிறகு படம் நிமிர்ந்துவிடும். போரை நிறுத்த அவர் கண்டுபிடித்த வழி, ஒரு நாஜியின் பாதி மூளையையும் ஒரு கம்யூனிஸ்ட்டின் பாதி மூளையையும் ஒரே மண்டைக்குள் வைத்துவிடுவது. இதை அவர் மாவு பிசைகிற நிதானத்தோடு செய்துகொண்டே விளக்குவார். சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள், அந்தக் காட்சி கடைசிப் பகுதியில்தான் வரும், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து யாராவது இட்லி எடுத்து வந்துவிடப் போகிறீர்கள்.