“ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க”: ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோருக்கும் எக்கோ தேவையா?

வைகைக்கரை

அம்மாவுக்கு வயது 71. மூன்று மாதம் முன்பு கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததில் இடது இடுப்பு எலும்பு உடைந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலையே ஆபரேஷன் செய்ய எலும்பு டாக்டர் தயார். ஆனால் மயக்க மருந்து டாக்டர் “ஃபிட்னஸ் வேண்டும், எக்கோ இல்லாமல் முடியாது” என்றார். ஃபிட்னஸ் என்றால் ஆபரேஷனைத் தாங்குவார் என்று ஒரு டாக்டர் எழுதித் தரும் சீட்டு, எக்கோ என்றால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். எக்கோ எடுப்பவர் திங்கட்கிழமைதான் வருவாராம். செவ்வாய்க்கிழமைதான் ஆபரேஷன் நடந்தது.

அந்த நான்கு இரவும் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூட முடியவில்லை, தொட்டாலே அலறினார். மூன்றாம் நாள் இரவு என்னைப் பார்த்து, இறந்துபோன தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டி ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். எக்கோ ரிப்போர்ட்டில் என்ன இருந்தது? எல்லாம் நார்மல். விழுவதற்கு முந்தின நாள் வரை மொட்டை மாடி ஏறி வடகம் காயப்போட்டவர் அவர். இந்த எக்கோவுக்காகக் காத்திருந்தது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டெத்

நான் பொது மருத்துவன். ஒரு நாளைக்கு நான்கைந்து ஃபிட்னஸ் எழுதுகிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். காத்திருந்தது தவறு.

எக்கோ யாருக்கு வேண்டும்? காரணம் தெரியாத மூச்சுத்திணறல் இருப்பவருக்கு, ஏற்கெனவே உள்ள இதயச் செயலிழப்பு மோசமானவருக்கு, இதயத்தில் வால்வுக் கோளாறுக்கான சத்தம் கேட்பவருக்கு. மற்றவர்களுக்கு அது பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. கனடாவின் ஒண்டாரியோவில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். முன்கூட்டியே எக்கோ எடுத்தவர்கள் கூடுதலாகப் பிழைக்கவும் இல்லை, சீக்கிரம் வீடு திரும்பவும் இல்லை.

இடுப்பு எலும்பு முறிவில் தாமதமே ஒரு நோய். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும், புத்தி தடுமாறும். பிரிட்டனில் சேர்ந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்பது வழிகாட்டுதல். எக்கோவுக்காக இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அங்குள்ள மயக்கவியல் மருத்துவர்களின் சங்கமே சொல்கிறது.

‘ஃபிட்’ என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்காது. 71 வயதில் இடுப்பு உடைந்தவர் எப்படி ஃபிட்டாக இருப்பார்? ஆபத்து எவ்வளவு, எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும், அப்புறம் எதைக் கவனிக்க வேண்டும் என்று நான்கு வரி எழுதினால்தான் அது உருப்படியான சீட்டு.

தலைமாட்டுக்காரன்

மயக்க மருந்து கொடுப்பவன் நான். ஸ்டெத் டாக்டர் சீட்டு எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நோயாளியின் தலைமாட்டில் நிற்பவன் நான்தான்.

பல வருடம் முன்பு ஒரு தாத்தாவுக்கு இதே இடுப்பு எலும்பு. கையில் இருந்த சீட்டில் ‘ஃபிட் ஃபார் சர்ஜரி’, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். முதுகில் ஊசி போட்டேன். ஐந்து நிமிடத்தில் பிபி விழுந்தது. மருந்து கொடுக்கக் கொடுக்க ஏறவே மறுத்தது. பெரும் போராட்டத்துக்குப் பிறகு காப்பாற்றினோம். அப்புறம் எக்கோ எடுத்தால், இதயத்தில் இருந்து ரத்தம் வெளியேறும் வாசலான பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தது. முதுகு ஊசி போட்டால் உடம்பின் கீழ்ப்பாதியில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரியும். நல்ல இதயம் வேகமாக அடித்து அதைச் சமாளித்துவிடும். வாசலே குறுகிய இதயம் எப்படிச் சமாளிக்கும்?

சத்தம் கேட்டால் எக்கோ எடு என்று புத்தகம் சொல்கிறது. சரி, கேட்டது யார்? நாற்பது பேர் நிற்கும் ஓபியில், சட்டைக்கு மேலேயே ஸ்டெத்தை வைத்து எடுத்துவிட்டு எழுதும் சீட்டுகளை நான் தினமும் பார்க்கிறேன்.

அப்புறம், மாடி ஏறுவாரா என்று கேட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நான்கு நாடுகளில் 1,401 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. உண்மையிலேயே தெம்பு குறைந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைத்தான் டாக்டர்கள் பேச்சிலும் பார்வையிலும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் இன்னும் கஷ்டம். ‘எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லாத பாட்டி உண்டா?

ஸ்டெத்

சட்டைக்கு மேல் ஸ்டெத் வைப்பது அயோக்கியத்தனம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அதற்கு மருந்து சட்டையைக் கழற்றச் சொல்லிக் கேட்பது. எல்லோரையும் நான்கு நாள் படுக்கப்போடுவது மருந்தாகாது.

‘பாதுகாப்புக்காகச் செய்கிறோம்’ என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் ஒருமுறை நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஆபரேஷனன்று காலையில் மெட்டோப்ரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைப் புதிதாக ஆரம்பித்தால் மாரடைப்பு குறையும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2008-இல் பாய்ஸ் என்ற ஆய்வு வந்தது, 8,351 நோயாளிகள். மாரடைப்பு குறைந்தது உண்மை. ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடியிருந்தன. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர் நிறுத்தக்கூடாது, புதிதாக அன்றைக்கு ஆரம்பிக்கவும் கூடாது என்று ஆனது. நான் எழுதியவர்களில் யாருக்கு என்ன ஆனதோ என்று அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்லெண்ணம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது சார்.

தலைமாட்டுக்காரன்

அது மருந்து, இது பரிசோதனை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். தாமதம் பற்றிச் சொல்கிறீர்களே, இடுப்பு முறிவில் 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்த ஹிப் அட்டாக் என்ற ஆய்வு 2020-இல் வந்தது. 6 மணி நேரத்தில் செய்தவர்களுக்கும் 24 மணி நேரத்தில் செய்தவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசம் இல்லை. அப்படியிருக்க எதற்கு அவசரம்?

ஸ்டெத்

முழுதாகச் சொல்லுங்கள். சீக்கிரம் செய்தவர்களுக்குப் புத்திக் குழப்பம் குறைவு, சிறுநீர்த் தொற்று குறைவு, எழுந்து நின்றதும் சீக்கிரம். அதோடு அங்கே ‘தாமதம்’ என்பது 24 மணி நேரம். வைகைக்கரையின் அம்மா கிடந்தது நான்கு நாள்.

குமரி வாசகி

நீங்கள் இருவரும் எக்கோவைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். என் அப்பாவுக்கு எக்கோ, ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். பித்தப்பை ஆபரேஷன். மறுநாள் ஓயாமல் வாந்தி. வயிற்றில் கை வைத்திருப்பதால் அப்படி இருக்கும் என்றார்கள். சாயங்காலம் பத்து படி ஓடி ஏறியவர் போல மூச்சு வாங்கியது. சுகர் பார்த்தால் 170. அதனால் சுகரில் பிரச்சினை இல்லை என்று விட்டுவிட்டார்கள். நடு இரவில் ஒரு இளம் பெண் டாக்டர் வந்து, “என்ன சுகர் மாத்திரை சாப்பிடுவார்? அட்டையைக் காட்டுங்கள்” என்றார். கைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். டாபாகிளிஃப்ளோசின். அவர் முகம் மாறிவிட்டது. உடனே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலத்தின் அளவைப் பார்த்தார்கள். அமிலம் ஏறிக் கிடந்தது. ஐசியுவில் மூன்று நாள்.

அந்த மாத்திரையை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-இலேயே சொல்லிவிட்டதாம். சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளிவிடுகிற மாத்திரை என்பதால் ரத்தத்தில் சுகர் சாதாரணமாகவே தெரியுமாம், உள்ளே அமிலம் கூடிக்கொண்டே இருக்குமாம். ஃபிட்னஸ் சீட்டில் ‘சுகர் உள்ளது, மாத்திரை சாப்பிடுகிறார்’ என்று எழுதியிருந்தது. எந்த மாத்திரை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூவாயிரம் ரூபாய்க்கு டெஸ்ட் எடுக்கத் தோன்றியது, பையில் இருந்த அட்டையைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்டெத்

அம்மா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது எங்கள் தரப்புத் தவறுதான். இந்தியாவில் 2020-இல் அந்த மருந்தின் காப்புரிமை முடிந்தது. விலை இறங்கியதும் எல்லோரும் எழுத ஆரம்பித்தோம். நல்ல மருந்துதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் எழுதுகிறவரே “ஆபரேஷன் என்று வந்தால் இதைச் சொல்லுங்கள்” என்று சொல்லி அனுப்ப வேண்டும். படிப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பல மாத்திரைகளில் இது மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மருந்தோடு சேர்ந்தே வருகிறது, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

இரவுப்பணி

நான் சர்ஜரி வார்டு நர்ஸ், 14 வருட சர்வீஸ். இதுவரை பேசியதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால். நான் பார்க்கிற சாவுகள் ஆபரேஷன் தியேட்டரில் நடப்பதில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு ஆய்வு சொன்னார்கள், மறக்கவே முடியாது. 14 நாடுகளில், ஆபரேஷனுக்காகச் சேர்ந்த 45 வயதுக்கு மேற்பட்ட 40,004 பேர். இதய ஆபரேஷன் அதில் சேர்த்தி இல்லை. முப்பது நாளுக்குள் 715 பேர் இறந்தார்கள். அதில் தியேட்டருக்குள் இறந்தவர்கள் ஐந்தே பேர். 500 பேர் வார்டிலும் ஐசியுவிலும். 210 பேர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனபிறகு. ரத்தப்போக்கு, இதயத்தசைப் பாதிப்பு, கிருமி ரத்தத்தில் பரவுவது, இந்த மூன்றுமே பெரிய காரணங்கள். இதயப் பாதிப்பு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நெஞ்சுவலியே தெரியாது, வலி மருந்தில் இருப்பார்கள்.

ராத்திரி எங்கள் வார்டில் 32 படுக்கைக்கு இரண்டு பேர். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: கேஸ் ஷீட்டில் மூச்சு எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லோருக்கும் 18, 20 என்றே இருக்கும். ஒரு நிமிடம் நின்று வயிறு ஏறி இறங்குவதை எண்ணினால்தான் உண்மையான கணக்கு வரும். அதை எண்ண நேரம் இல்லாத ராத்திரிகளில்தான் நோயாளிகள் எங்கள் கையை விட்டுப் போகிறார்கள். பிபி விழுவதற்கு எத்தனையோ மணி நேரம் முன்பே மூச்சு வேகமாகும். குமரி அக்காவின் அப்பாவுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

இன்னொன்று, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்களே, நெஞ்சுப் பயிற்சிக்கு. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அதை ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக்கூடாது. உறிஞ்ச வேண்டும். மூச்சை வெளியே விட்டு, குழாயை உதட்டில் பொருத்தி, மெதுவாக உள்ளே இழுத்து, பந்தை மேலேயே நிறுத்த வேண்டும். வாங்கிக் கொடுத்துவிட்டு யாரும் செய்து காட்டுவதில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாளே சொல்லிக் கொடுத்தால் பழகிவிடும், வலியோடு புதிதாகக் கற்க முடியாது.

கூட இருக்கும் அட்டெண்டர்கள் கவனித்தால் எங்களுக்குப் பெரிய உதவி. திடீரென்று பேச்சு குழறினால், மூச்சு வேகமானால், மூத்திரப் பை நிறையவே இல்லை என்றால் வந்து கூப்பிடுங்கள்.

வைகைக்கரை

சிஸ்டர், கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னியுங்கள். அம்மா மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது ஓடிப்போய்ச் சொன்னேன். “வயசானா அப்படித்தான், விடிஞ்சா சரியாயிடும்” என்றார்கள். ஐசியு போன அன்றும் மூச்சு இரைக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன். அட்டெண்டர் கவனிக்க வேண்டும் என்கிறீர்கள், கவனித்துச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஆபரேஷனுக்கு முன் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிய தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ரிஸ்க் எனக்கு மட்டும்தானா? ஹை ரிஸ்க் என்று தெரிந்தவரை எதற்கு வார்டின் கடைசிப் படுக்கையில் போட்டார்கள்?

இரவுப்பணி

உங்கள் கோபம் நியாயம். முதியவருக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் அது வயசு இல்லை. ஆக்சிஜன் குறைவா, மூத்திரம் அடைத்திருக்கிறதா, கிருமியா, வலியா, உப்பு குறைந்ததா என்று தேட வேண்டிய அடையாளம். உங்களிடம் அப்படிச் சொன்னது தவறு. கண்ணாடியும் காது மெஷினும் தியேட்டருக்குப் போகும்போது கழற்றி வாங்கி வைப்போம். திரும்பி வந்ததும் மாட்டிவிடச் சொல்வதே எங்கள் பலருக்கு மறந்துவிடும். அதுகூட இல்லாமல் பாவம் அவர்கள் யாரை எப்படி அடையாளம் காண்பார்கள்?

தலைமாட்டுக்காரன்

தம்பி, அந்தக் கடைசிப் படுக்கைக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. நாங்கள் ஹை ரிஸ்க் என்று எழுதுவது பல நேரம் எங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். எழுதினால் அன்று ராத்திரி அவரை ஐசியு பக்கத்திலாவது வைக்க வேண்டும், மணிக்கொரு முறை பார்க்க வேண்டும்.

ஆனாலும் எக்கோ விஷயத்தில் என் கட்சியை மாற்றவில்லை. 70 தாண்டிய இடுப்பு முறிவுக்கு எனக்கு வால்வு தெரிய வேண்டும். திங்கட்கிழமை வரை காத்திருக்கச் சொன்னது மட்டும் தவறு. இப்போது எங்களில் பலருக்கே எக்கோ கருவியை நெஞ்சில் வைத்து வால்வைப் பார்க்கத் தெரியும், ஐந்து பத்து நிமிட வேலை. கருவியே இல்லையென்றால், வால்வு சுருங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, மணிக்கட்டு ரத்தக்குழாயில் பிபி குழாய் போட்டு, மெதுவாக மயக்கம் கொடுத்துச் சனிக்கிழமையே முடித்திருக்கலாம்.

ஸ்டெத்

அப்படி வைத்துக்கொண்டு கொடுக்க முடியுமென்றால் எக்கோ எதற்கு என்பதுதான் என் கேள்வி. விடுங்கள், இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

வைகைக்கரை

ஒரே ஒரு கேள்வி. அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அடுத்த மாதம் வலது கண்ணில் புரை ஆபரேஷன். அங்கேயும் ஃபிட்னஸ், எக்கோ, ரத்தப் பரிசோதனை என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்டெத்

கண்புரைக்கு இதெல்லாம் வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்புரை ஆபரேஷன்களை வைத்து ஒப்பிட்டு 2000-இலேயே சொல்லிவிட்டார்கள். வழக்கமான பரிசோதனைகள் செய்தாலும் செய்யாவிட்டாலும் விளைவு ஒன்றுதான். பிபி, சுகர் பார்த்து, மாத்திரைப் பட்டியலைக் கொடுங்கள்.

தலைமாட்டுக்காரன்

இதில் டாக்டரோடு நானும் சேர்கிறேன். கண்ணுக்கு மட்டும் மரத்துப்போகும் மருந்து, எக்கோ வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான்: அரை மணி நேரம் இருமாமல், மூச்சு முட்டாமல் மல்லாந்து படுக்க முடியுமா? நெஞ்சில் சளி கட்டி எழுந்தவர், அதனால் இன்று ராத்திரியே ஒரு தலையணையோடு படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடியவில்லை என்றால் மட்டும் இங்கே எழுதுங்கள்.