அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன்: ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை 3 மாதம் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

ஆலைக்கொட்டாய்:
வணக்கமுங்க. நாங்கள் கவுந்தப்பாடி பக்கம். அப்பாவுக்கு 66 வயது. நாற்பது வருடம் வெல்ல ஆலையில் அடுப்பு எரித்தவர், கரும்புச் சக்கையைத் தள்ளித் தள்ளி அந்தப் புகையிலும் வெக்கையிலுமே காலம் போய்விட்டது, கூடவே பீடியும் உண்டு. சுகர் பத்து வருடமாக இருக்கிறது. இப்போது இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம். ராத்திரியில் எதிரே லைட் போட்டு வண்டி வந்தால் அப்படியே ஓரமாக நின்றுவிடுகிறார். கோயமுத்தூரில் காட்டினோம், முதலில் வலது கண்ணுக்குச் செய்துவிடலாம் என்று அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் சத்து மாத்திரை விற்கிற எங்கள் பங்காளி ஒருவர் வீட்டுக்கு வந்தார். புரை வந்தவர்களுக்கு உடம்பில் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்கள் கெடாமல் காக்கும் சத்து, குறைந்திருக்கும், அதை ஏற்றாமல் கத்தி வைத்தால் கண் தாங்காது, மூன்று மாதம் இதைச் சாப்பிட்டு ரத்தத்தில் அளவு ஏறியதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், புரையே கரைந்தாலும் கரையும் என்கிறார். மாதம் 1,800 ரூபாய். டப்பாவில் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், லூட்டின் என்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு ஆபரேஷன் என்றாலே பயம், அதனால் இதைப் பிடித்துக்கொண்டார். நெட்டில் தேடினால் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸால் (அந்தக் காவல் குறைந்து செல்கள் கெடுவதால்) புரை வருகிறது என்று நிஜமாகவே ஆராய்ச்சிகள் இருக்கின்றன. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிக்காரர்_மகள்:
கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். உங்கள் பங்காளி சொன்னதில் முதல் பாதி உண்மைதான், அதனால்தான் மீதியையும் நம்பத் தோன்றுகிறது. கண் லென்ஸின் புரதங்கள் வித்தியாசமானவை, நடுப்பகுதியில் இருப்பவை நாம் பிறக்கும் முன்பே உருவானவை, சாகும்வரை அவற்றுக்கு மாற்றுக் கிடையாது. அதனால் அவற்றைக் காக்க லென்ஸுக்குள் குளூட்டாதயோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கும், லென்ஸுக்கு முன்னால் இருக்கும் திரவத்தில் வைட்டமின் சி ரத்தத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய 20 மடங்கு இருக்கும். புகை, வெயில், சுகர் எல்லாம் இந்தக் காவலைத் தின்றுவிடும். சுகர்காரர்களுக்குப் புரை சீக்கிரம் வருவதும் இப்படித்தான், மிஞ்சிய குளுக்கோஸை லென்ஸ் வேறு சர்க்கரையாக மாற்றும்போது குளூட்டாதயோனைப் புதுப்பிக்க வேண்டிய சக்தி அதில் செலவாகிவிடுகிறது. புரை எடுத்தவர்களின் லென்ஸைச் சோதித்தால் குளூட்டாதயோன் குறைந்திருப்பது நிஜம்.

ஆனால் அதை மாத்திரையால் நிரப்ப முடியாது. லென்ஸில் ரத்தக்குழாயே கிடையாது. வயதாக ஆக லென்ஸின் வெளிச்சுற்றுக்கும் நடுவுக்கும் இடையே ஒரு தடுப்பு விழுந்துவிடுகிறது, வெளியே குளூட்டாதயோன் இருந்தாலும் நடுவுக்குப் போய்ச் சேராது. இதில் வாயால் விழுங்கும் வைட்டமின் எங்கே போகும்? ரத்தத்திலேயே வைட்டமின் சி ஓரளவுக்கு மேல் ஏறாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும். அப்புறம், வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியுமா? கலங்கிய லென்ஸும் அப்படித்தான்.

இதை நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மதுரைப் பக்கக் கிராமங்களில் 35 முதல் 50 வயது வரை உள்ள 798 பேரில் ஒரு பாதிக்கு சி, ஈ, பீட்டா கரோட்டின், இன்னொரு பாதிக்கு வெறும் மாத்திரை என்று 5 வருடம் கொடுத்தார்கள். 2006இல் முடிவு வந்தது, புரை வளர்வதில் வித்தியாசமே இல்லை. அமெரிக்காவில் 2001இல் வெளியான பெரிய ஆய்விலும் புரைக்குப் பலன் இல்லை. அதில் பலன் தெரிந்தது விழித்திரையின் மையம் தேய்கிற நோய்க்கு, அதுவும் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும். டப்பாவில் கண் படம் போட்டு விற்கிறவர்கள் அந்த ஆய்வைத்தான் புரைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து அப்பாவிடம் சொல்லுங்கள். பீடி குடிப்பவருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுக்கவே கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வில், அது கொடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994இல் வந்த முடிவு அது.

தியேட்டர்_சிஸ்டர்:
கண் ஆபரேஷன் தியேட்டரில் 14 வருடமாக இருக்கிறேன். மூன்று மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன். இப்போது செய்வது அல்ட்ராசவுண்ட் ஊசியால் லென்ஸை உடைத்து உறிஞ்சும் முறை. அந்த அதிர்வில் கண்ணுக்குள் இருக்கும் தண்ணீரிலேயே ஃப்ரீ ரேடிக்கல்கள் உண்டாகின்றன, ஆன்டிஆக்ஸிடன்ட் தடுப்பது இவற்றைத்தான், உங்கள் பங்காளி பயப்படுத்துகிற அதே சமாச்சாரம்தான். அவை கருவிழியின் (கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் படலத்தின்) உள்பக்கச் செல்களைக் கெடுக்கும், அந்தச் செல்கள் போனால் திரும்ப முளைக்காது. அதனால்தான் உள்ளே ஜெல் போட்டுக் கருவிழியை மூடிக்கொண்டு செய்கிறோம், அந்த ஜெல்லே ஃப்ரீ ரேடிக்கல்களை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணைக் கழுவும் திரவங்களில் சிலவற்றில் குளூட்டாதயோனும் சேர்ந்தே வருகிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில் டாக்டரே கொடுத்துவிடுகிறார் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

புரை முத்த முத்த லென்ஸ் கல்லு மாதிரி ஆகும். கல்லை உடைக்க அல்ட்ராசவுண்ட் அதிக நேரம் ஓட வேண்டும், அதிக நேரம் ஓடினால் அந்தப் பாதிப்பும் அதிகம். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்கிறேன் என்று காத்திருந்தால் கண்ணுக்கு அது அதிகமாகத்தான் ஆகும். சுகரை மட்டும் கட்டுக்குள் வையுங்கள். ரத்தத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு பார்த்து ஆபரேஷன் தேதி வைத்ததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மூலனூரான்:
எங்கள் வீட்டு அனுபவம். அம்மாவுக்கு இப்படித்தான் ஒருவர் பேச்சைக் கேட்டுச் சொட்டு மருந்தும் பொடியுமாக ஒன்றரை வருடம் ஓட்டினோம். ஒரு நாள் விடியற்காலையில் கண் சிவந்து, தலைவலி, வாந்தி. பித்தம் என்று சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தேன். தாராபுரம் கொண்டுபோவதற்குள் மதியம் ஆகிவிட்டது. முத்திய புரை ஊதிக் கண் அழுத்தம் ஏறிவிட்டதாம். ஆபரேஷன் செய்தார்கள், ஆனால் அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறதே தவிர ஆள் தெரியாது. நான் வைத்துக் கொடுத்த அந்தச் சுக்குக் காப்பியை இன்னும் மறக்க முடியவில்லை. தேதி கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, போய்விடுங்கள்.

ஆலைக்கொட்டாய்:
அண்ணா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தேதியை மாற்றப் போவதில்லை, நேற்று இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பீட்டா கரோட்டின் விஷயம் கேட்டதும் டப்பாவைத் தானே எடுத்து ஓரமாக வைத்தார். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, நெல்லிக்காய் எல்லாம் சாப்பிடலாம் அல்லவா? அம்மா கேட்கிறார்.

தறிக்காரர்_மகள்:
தாராளமாக. கீரை, முட்டை மஞ்சள் கரு இரண்டிலும் இருக்கும் லூட்டின் விழித்திரைக்குப் போகும், ஆபரேஷனுக்கு அப்புறமும் விழித்திரை அவருடையதுதானே. கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்தால் லூட்டின் நன்றாகச் சேரும். சாப்பாடு வேறு, மாத்திரை வேறு. இடது கண்ணை நினைத்தாவது பீடியை விடச் சொல்லுங்கள்.

தியேட்டர்_சிஸ்டர்:
கேட்க மறந்துவிட்டேன். அப்பா சிறுநீர் அடைப்புக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? டாம்சுலோசின் என்று இருந்தால் முன்கூட்டியே டாக்டருக்குத் தெரிய வேண்டும். அது கண் பாப்பாவைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடும், ஆபரேஷன் நடுவில் பாப்பா சுருங்கிக்கொள்ளும். தெரிந்திருந்தால் சமாளித்துவிடுவார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்தினாலும் அதன் பாதிப்பு போவதில்லை.

ஆலைக்கொட்டாய்:
அக்கா, இப்போதுதான் அட்டையைப் பார்த்தேன், அதேதான் போட்டிருக்கிறது. இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார், எங்கள் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், எழுதி வைத்துக்கொண்டோம், வரும்போது அட்டையைக் கையில் கொண்டு வாருங்கள் என்றார்கள்.