வாராந்திர மடலில் என்ன போடலாம்?

காட்பாடிக்காரி: எங்கள் இணையவழி ரோட்டரி சங்கத்துக்கு வாராவாரம் செய்திமடல் நான்தான் போடுகிறேன். வேலூர், குடியாத்தம், துபாய் என்று ஆளுக்கொரு ஊர். கூட்டத்துக்கு வருகிறார்கள், ஆனால் ஒட்டுதலே இல்லை. மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

ஆம்பூர் அண்ணன்: தீர்மானத்தையே போட்டா யாரும்மா படிப்பாங்க? வீட்டு விசேஷத்தை முதல்ல போடு. 1905-ல சிகாகோவுல பால் ஹாரிஸும் மூணு நண்பர்களும் ரோட்டரியைத் தொடங்கினப்ப, ஒவ்வொருத்தர் ஆபீஸா மாத்தி மாத்திக் கூடினாங்க. நீங்களும் வாரம் ஒருத்தர் இடத்துலேர்ந்து நடத்துங்க.

குடியாத்தம்: அண்ணன் சொல்றது சரி. எங்க சங்கத்துல ஒருத்தர் தறிக்குழியில உட்கார்ந்தே போனைத் திருப்பி, லுங்கியில கட்டம் விழறதைக் காட்டினார். கூட்டம் முடிஞ்சும் யாரும் கிளம்பல.

காட்பாடிக்காரி: ரொம்ப நன்றிண்ணா. இந்த வாரம் பிறந்தநாள்தான் முதல் பத்தி, ரத்ததானக் கணக்கு அப்புறம்.