மணத் தோட்டத்துக்கு மனோரஞ்சிதக் கன்று வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி அருகே எங்கள் ஊர்ப் பொது மரப்பூங்காவில், பார்வையற்றவர்களும் வந்து மகிழ ஒரு மணத் தோட்டம் அமைக்கிறோம். பூவைக் காண முடியாதவர்களுக்கு மணமே வழிகாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மகிழமும் மரமல்லியும் ஏற்கெனவே நிற்கின்றன. மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கும். உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நடக்கலாம். பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடும் என்பதால் அதைக் காலை நடைபாதையோரம் வைக்கிறோம். பகலில் வருவோருக்குக் கசக்கி முகர மரிக்கொழுந்து, திருநீற்றுப்பச்சை, ஓமவல்லி. அரளி மட்டும் கூடவே கூடாது. தொட்டு முகரும் இடத்தில் நச்சுச் செடிக்கு என்ன வேலை?

கிடைக்காதது மனோரஞ்சிதம்தான். பழுத்த பழம்போல் மணக்கும் அந்தக் கொடி இல்லாமல் தோட்டம் நிறைவடையாது. பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டினம் பக்கம் யார் வீட்டிலாவது இருந்தால் பதியன் போட்டுத் தருவீர்களா? நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று: சக்கர நாற்காலியில் இருப்பவர் கைக்கும் எட்டும்படி மேடைப் பாத்தி கட்ட வேண்டும். எத்தனை அடி உயரம் சரி? தமிழ் பிரெயிலில் பெயர்ப்பலகை செய்து தருபவர்களைத் தெரிந்தாலும் சொல்லுங்கள். மழைக்கு முன் நட்டாக வேண்டும்.